பெரியவளின் கடைவாய்ப்பல்

அப்பாவுக்கு வலது தோளிலிருந்து பிடரி வரை இழுத்துப் பிடித்திருந்தது. காலையில் லாரியிலிருந்து சிமெண்டு மூட்டை இறக்கிய வலி. நாற்காலியில் எப்படித் திரும்பி உட்கார்ந்தாலும் அதுவும் கூடவே திரும்பியது. குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தும் அவர் காதுமடலில் சிமெண்டுத் தூள் படிந்திருந்தது. பெரியவள் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தாள்.

"விடும்மா, வேர்வை பட்டு இறுகிப்போச்சு. இனிமே உளிதான்."

பல் சீரமைக்கும் டாக்டரிடம் வந்தது சின்னவளுக்காக. பெண்கள் இரண்டு பேருக்குமே ஒரே வாய்வாகு. மேல்பல் துருத்தி நிற்கும், கீழ்த்தாடை உள்ளே போயிருக்கும், உதடு சேராது. பள்ளிக்கூடத்தில் பெரியவளுக்குத் 'தேங்காய்த் துருவி' என்று பெயர் வைத்திருந்தார்கள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். அப்புறம் சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

டாக்டரிடம் போகலாம் என்று முதலில் கேட்டதும் அவள்தான். இரண்டு வருஷம் இருக்கும். "நீ சாண் உசரந்தானே இருக்க, வளர இன்னும் காலம் கிடக்கு. ஆனா உனக்குத்தான் முதல்ல. இது என் வாக்கு" என்றார் அப்பா. அதற்குள் சின்னவள் அக்காவைத் தாண்டி அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டாள். வளர்ச்சி நிற்பதற்குள் தாடையைப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் மூட்டை தூக்கும் கிட்டங்கியில் யாரோ சொன்னார்கள். நெட்டையானவளுக்கு நேரம் போய்விடுமே என்று அவளைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். பெரியவள் துணைக்கு வந்தாள்.

டாக்டரம்மா சின்னவளின் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டாள்.

"கீழ்த்தாடை முன்னாடி வர வாயில ஒரு கருவி மாட்டணும். எலும்பு வளர்ற நேரத்துல மாட்டினாத்தான் பலன். அந்த நேரத்தைப் பல்லை வெச்சே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கடைவாயில ரெண்டாவது பல்லு, அந்த வேர் நுனியப் பாருங்க. இன்னும் மூடல."

அப்பா எட்டிப் பார்த்தார். "தைக்காத மூட்டை வாய் மாதிரி."

"அதேதான். கழுத்தெலும்பும் அதையேதான் காட்டுது. சரியான நேரத்துக்கு வந்திருக்கீங்க."

"அப்ப நான் இன்னும் வளருவேனா?" சின்னவள் அலறினாள்.

"வளருடி கொக்கு. உனக்காகக் கூரையைப் பிரிச்சு மேல ஏத்தறோம்" என்றாள் அக்கா. அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே தோளும் வலித்தது.

பெரியவள் வாயிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்: "டாக்டர், எனக்கும் ஒண்ணு எடுத்துப் பார்க்கலாமா?"

"இவளுக்கு அவசரமில்ல டாக்டரம்மா. ஆளப் பாருங்க, குட்டை. வளர எவ்வளவோ பாக்கி இருக்கு."

டாக்டரம்மா பெரியவளை ஒருமுறை பார்த்தாள். "உயரத்தை வெச்சுச் சொல்ல முடியாதுங்க. எடுத்துடலாம்."

புதுப் படம் வந்தது. அதே கடைவாய், அதே இரண்டாவது பல். வேர் நுனி ஊசியாய்ச் சேர்ந்திருந்தது. கிட்டங்கியில் மூட்டை தைத்தே பழகிய அப்பாவின் கண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, அப்பாவை விட்டுவிட்டுப் பெரியவளிடம் பேசினாள்.

"வேர் மூடிடுச்சும்மா. கழுத்தெலும்பையும் பார்த்தேன். வளர்ச்சி அநேகமா முடிஞ்சிருக்கு. பல்லை நேராக்கலாம், துருத்தலையும் கொஞ்சம் உள்ள கொண்டுவரலாம். தாடையை முன்னாடி கொண்டுவர இந்தக் கருவியால ஆகாது. பதினெட்டு தாண்டின அப்புறம் ஆபரேஷன் பத்தி யோசிக்கலாம். அது உன் இஷ்டம்."

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா?" அப்பா கேட்டார்.

"முயற்சி பண்ணியிருக்கலாம்." இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "குட்டையா இருந்தாலும் சிலர் முன்னாடியே வளர்ந்து முடிச்சிருப்பாங்க, நெட்டையா இருந்தாலும் சிலர் வளர்ச்சியில பாதியிலதான் நிப்பாங்க. இது நிறைய பேருக்குத் தெரியறதில்லைங்க" என்றாள்.

"எனக்கும் வேணாம்" என்றாள் சின்னவள் திடீரென்று.

"அறைஞ்சேன்னா பல்லு தானா உள்ள போயிடும். ஒழுங்கா மாட்டிக்க" என்றாள் பெரியவள். அப்பாவைப் பார்க்கவில்லை. "பரவால்லப்பா. இவ வாயாவது மூடட்டும்."

திரும்பும் பஸ்ஸில் பெரியவள் தூங்கிப்போனாள். தலை அப்பாவின் வலிக்கிற தோளில்தான் வந்து விழுந்தது. அவர் அசையவில்லை. அவள் உதடு சேராமல், பல் தெரியத் தூங்கினாள். கையால் மூடிக்கொள்ள இப்போது அவளுக்கு நினைவில்லை.

உனக்குத்தான் முதல்ல என்று வாக்குக் கொடுத்தது அவர். அவளுக்கு அவர் இன்னும் ஒரு தாடை பாக்கி வைத்திருக்கிறார்.