எச்சில் படையல்

மந்திரமூர்த்தி வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் புகைப்பார். அதையும் அவர் புகைத்ததாக ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழா அன்று, உச்சிப் பொழுதில் மகுட மேளம் முழங்கும்போது, மாடன் அவர்மேல் வந்து இறங்குவான். கட்டுக்கட்டாகச் சுருட்டை இழுத்துத் தள்ளுவது அவன். சாமி மலையேறிப் போனபிறகு மந்திரமூர்த்தி இளநீரைக் குடித்துவிட்டு, "வாயி என்னமோ கசக்குடே" என்பார். மற்ற நாளெல்லாம் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பக்கத்து மிஷின்காரர் பீடி பற்றவைத்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனுஷன்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த பெருமாள்ராஜ், பிளஸ் டூ படிக்கிறவன், ஒரு நாளைக்கு எத்தனை தடவை புகைத்தான் என்று அவனுக்கே தெரியாது. பீடி, சிகரெட் இல்லை. வேப். விரல் நீளத்தில் பேனா மாதிரி ஒன்று, சட்டைப்பையில் அடங்கும், இழுத்தால் கொய்யாப்பழ வாசனை வரும். அரசாங்கம் தடை செய்த சாமான்தான். தடை செய்ததெல்லாம் கிடைக்காமலா இருக்கிறது? வகுப்புத் தோழன் டார்லின் வண்ணார்பேட்டையில் யாரிடமோ வாங்கி வருவான். யாரிடம் என்று கேட்டால் சிரிப்பான். தாய் முத்துராணியோ, மகன் செண்ட் போட்டுக்கொண்டு எவளையோ பார்க்கப் போகிறான் என்று கவலைப்பட்டாள். பாவம், அந்தக் கவலையாவது உண்மையாக இருந்திருக்கலாம்.

விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் அவனுக்குக் கபடியில் வந்தது. பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய் ஆளைத் தொட்டவன், திரும்பி ஓடும்போது பாட்டு அறுந்துபோனது. கோட்டுக்கு ஒரு கை தூரம்தான் இருந்தது. மூச்சுக்குப் பதில் விசில் மாதிரி ஒரு சத்தம் நெஞ்சிலிருந்து வந்தது. மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தபோது வாத்தியார் அவன் பெயரை வாசிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதான். காலையில் எழுந்ததும் கை சட்டைப்பைக்குத்தான் போனது.

திங்கட்கிழமை விடுகிறேன் என்றான். திங்கட்கிழமை பரீட்சை இருந்தது. பரீட்சை முடிந்ததும் விடுகிறேன் என்றான். முடிந்த சந்தோஷத்தில் இரண்டு இழுப்பு கூடிப்போனது. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள்; இவன் பேச்சுக்கு விடியும்வரை பொறுமை இல்லை. டார்லின் கையிலிருந்து வாங்கும்போதெல்லாம் ஒரே வாக்கியம்தான்.

"ஒரே ஒரு இழுப்புடே. நாளைக்கு விட்டுருதேன்."

அந்தக் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. குடியையோ பொடியையோ விட நினைக்கிறவர்கள் கொடையன்று அதைப் படையலில் வைத்துவிடுவார்கள். மாடன் எடுத்துக்கொண்டால் அது அவனுடையது. கொடுத்தவர்கள் பிறகு தொடக்கூடாது. ஒரே ஒரு நிபந்தனைதான். மூடி திருகாத பாட்டிலாக, பிரிக்காத கட்டாக இருக்க வேண்டும். வாய் வைத்ததை வைக்கக்கூடாது.

"எச்சில்ல ஆளு இருக்கும்லே" என்று முத்துராணி அடிக்கடி சொல்வாள். காய்ச்சல்காரன் குடித்த தம்ளரை வீட்டில் யாரையும் தொடவிடமாட்டாள். அவன் நோவு அதிலேயே உட்கார்ந்திருக்கும் என்பாள்.

பெருமாள்ராஜுக்கு இதெல்லாம் தெரியும். புதிது ஒன்று வாங்கிப் பிரிக்காமல் வைத்திருக்கலாம். ஆனால் புதிது வாங்கினால் கோவில் வாசலுக்கு வருமுன்னே பிரித்துவிடுவான். தன்னைப்பற்றி அந்த அளவுக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பாதி மிச்சமிருந்த பழையதையே சட்டை நுனியால் நன்றாகத் துடைத்து, யாரும் பார்க்காத நேரத்தில் சுருட்டுக் கட்டுகளுக்கு அடியில் செருகிவைத்தான். துடைத்தால் போதும் என்று நினைத்தான். படித்த பிள்ளை.

மகுட மேளம் உச்சத்துக்கு ஏறியது. மந்திரமூர்த்தி உடம்பு குலுங்கி ஆடத் தொடங்கினார். மஞ்சள் நீர் ஊற்றினார்கள். பூசாரி தாணுமாலையன் பற்றவைத்த சுருட்டை நீட்டினார். சாமியாடி அதை வாங்கவில்லை. கை சுருட்டைத் தாண்டிப் போய், கட்டுகளைக் கலைத்து, அடியில் கிடந்ததைச் சரியாக எடுத்தது. எந்த முனை வாய்க்கு என்று தேடக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

வெள்ளைப் புகை முகத்தை மறைத்தது. பீடத்தைச் சுற்றிக் கொய்யாப்பழ வாசனை பரவியது. "மாடனுக்குப் புதுச் சுருட்டு வந்திருக்குவே" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, நாலுபேர் சிரித்தார்கள். சாமி சிரிக்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து பெருமாள்ராஜிடம் நின்றது. மந்திரமூர்த்திக்குச் சாமி வந்தால் குரல் பாறையை உருட்டுகிற மாதிரி இருக்கும். இப்போது வந்தது, உடைந்து இப்போதுதான் தடிக்கத் தொடங்கிய ஒரு பையனின் குரல்.

"நாளைக்கு விட்டுருதேன்" என்றது.

மகுடச் சத்தத்தில் அது மற்றவர்கள் காதில் விழவில்லை. பெருமாள்ராஜுக்கு விழுந்தது. போனில் பதிவு செய்து கேட்டால் தன் குரல் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

கொடை முடிந்து, படையலில் மிஞ்சியதை எல்லாம் தாணுமாலையன் கூடையோடு தாமிரபரணியில் கவிழ்த்தார். ஆற்றுக்கு யார் என்ன கொடுத்தாலும் வாங்கித்தானே ஆகவேண்டும்? வேப்பும் அதோடு போனது.

மறுநாள் பெருமாள்ராஜ் கண் விழித்தபோது, கை சட்டைப்பைக்குப் போகவில்லை. பல் தேய்த்தான், இட்லி தின்றான், பஸ் ஏறினான். மத்தியானம்தான் நினைவே வந்தது. டார்லின் நீட்டியபோது அந்த வாசனை குமட்டியது. இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது. நெஞ்சில் இருந்த விசில் சத்தம்கூடக் குறைந்தது. சாயங்காலம் மைதானத்தில் பாடிக்கொண்டே போனவன், இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். வாத்தியார் முதுகில் தட்டினார். அவன் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

வீட்டில் மந்திரமூர்த்தி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். தட்டில் இரண்டு கை அள்ளித் தின்றுவிட்டு வைத்துவிடுவார். ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே கை தானாகச் சட்டைப்பையைத் தடவும். பையில் ஒன்றும் இருக்காது. மறுபடி தடவும். முத்துராணி என்ன என்று கேட்டால் எரிந்து விழுந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒரு சொல் கடிந்து பேசாதவர் அவர். அவர் குளித்துவிட்டு வந்த பிறகு குளியலறைக்குள் போனால் கொய்யாப்பழ வாசனை அடித்தது.

பட்டறை முதலாளி சிவசண்முகம் ஒருநாள் மத்தியானம் தன் வண்டியிலேயே அவரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

"கை நடுங்குதும்மா" என்றார் முத்துராணியிடம். "ஓடுத மிஷின்ல கையக் கொண்டு போறாரு. நான் பிடிச்சு இழுத்திருக்கலேன்னா வெரலு போயிருக்கும். ஒடம்பு சரியாகட்டும், பெறவு வரட்டும்."

"என்ன செய்யுதுன்னு கேட்டா ஒண்ணுமில்லங்காவ அண்ணாச்சி" என்றாள் முத்துராணி. முதலாளி போனதும் மகனிடம், "சாமி மலையேறலலே. உள்ளயே தங்கிட்டு" என்று அழுதாள். திருநீறு அள்ளிப் புருஷன் நெற்றியில் பூசினாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளியில் டார்லின் முகம் சரியில்லை. பெருமாள்ராஜைத் தண்ணீர்த் தொட்டி பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"ஒங்க அப்பாவ வீட்டுல பூட்டி வைலே."

"ஏன்?"

"நேத்து நாங்க நிக்குத எடத்துக்கு வந்தாரு. எனக்கு முதுகுக்குப் பின்னால, ஏலே டார்லின்னு கூப்பிட்டது ஒன் கொரலு. நீதான்னு திரும்பாமலே பின்னால நீட்டிட்டேன். வாங்கின கையப் பாத்தா ஒங்க அப்பா. ஒரே ஒரு இழுப்புடே, நாளைக்கு விட்டுருதேன்னு சொல்லுதாருலே. என்கிட்ட. அப்பிடியே ஒன்ன மாதிரி."

பெருமாள்ராஜ் பையை எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டைக்குப் போனான். பஸ்கள் திரும்பும் சாலைக்குப் பின்னால், பாதி கட்டி நின்றுபோன ஒரு கடைக் கட்டடம் உண்டு. அங்கேதான் பையன்கள் கூடுவார்கள். நல்ல வெயில் நேரம். உள்ளே நாலைந்து பள்ளிச் சட்டைகள் சுவரோரம் ஒதுங்கி நின்றன. நடுவில், சிமெண்ட் மூட்டைமேல், மந்திரமூர்த்தி உட்கார்ந்திருந்தார். இடது காலை மடக்கி வலது காலை நீட்டி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு இழுத்தார்.

அந்த உட்காரல் பெருமாள்ராஜுடையது. அப்படி உட்கார்ந்தால் சாலையிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் புகை தெரியாது. அவனே கண்டுபிடித்த வித்தை. நரைத்த மீசையோடு, பட்டறை எண்ணெய் போகாத நகங்களோடு, அவனே அங்கே உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தான். ஓர் இழுப்பு முடிந்ததும், யார் பிடுங்கிக்கொள்வார்களோ என்று கண் இரண்டு பக்கமும் ஓடியது. பிறகு அவசரமாக மறு இழுப்பு. இப்படித்தானா நான் இருந்தேன் என்று நினைத்தபோது அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"அப்பா, வாங்க வீட்டுக்கு."

மந்திரமூர்த்தி அவனை அண்ணாந்து பார்த்தார். கண்ணில் நீர் நிறைந்திருந்தது. "விடணும்னுதான்டே பாக்கேன்" என்றது, அப்பாவின் வாயிலிருந்து அவன் குரல். "முடியமாட்டேங்கு."

பஸ்ஸில் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தான். அப்போது எல்லாம் விளங்கியது. மாடன் அவனுடைய படையலைத் தொடவே இல்லை. எச்சிலை எந்தச் சாமி தொடும்? வைத்த எச்சிலில் அவன் இருந்தான். எடுத்து வாயில் வைத்தவர்மேல் அவனே ஏறிக்கொண்டான். இவனுக்குச் சுலபமாக விட்டுப்போன ஏக்கம் எங்கும் போகவில்லை. இத்தனை நாளும் அதை அப்பா சுமந்திருக்கிறார்.

இப்படியே விட்டுவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை மறைக்க முடியாது. மாவட்டப் போட்டிக்கு அவன் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். நெஞ்சு லேசாக இருந்தது. அப்பாவுக்கு நாளடைவில் சரியாகிவிடும், ஆஸ்பத்திரியில் காட்டலாம், குறிசொல்லும் கோடாங்கியிடம் காட்டலாம். பஸ் பேட்டை வருவதற்குள் இதையெல்லாம் நினைத்துவிட்டான். நிறுத்தத்தில் இறங்கும்போது மந்திரமூர்த்தியின் கை அவன் சட்டைப்பையைத் தடவியது.

சாயங்காலம் முத்துராணி புருஷனுக்கு மோர்ச் சோறு பிசைந்து வைத்தாள். வழக்கம்போல இரண்டு கை தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். பெருமாள்ராஜ் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"ஏலே, என்ன செய்யுத? நோவாளி தின்ன எச்சில்லா அது" என்று முத்துராணி தட்டைப் பிடித்தாள்.

"விடும்மா. இதுல இருக்க நோவு என்னோடது."

அப்பா கை வைத்த இடத்திலிருந்து அள்ளினான். முதல் வாயில் ஒன்றும் இல்லை, புளித்த மோர்தான். இரண்டாவது வாய் அள்ளியபோது சோற்றில் கொய்யாப்பழ வாசனை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். தட்டு வெறுமையாகும்வரை, வழித்து நக்கித் தின்றான்.

மந்திரமூர்த்தி திடுக்கிட்டு நிமிர்ந்தார். வீட்டைப் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி சுற்றிப் பார்த்தார்.

"ஏம்லே, சட்டியில சோறு இல்லையா? என் எச்சிலத் திங்க?" என்றார். பையன் குரலும் இல்லை, சாமியின் குரலும் இல்லை, அவருடைய சொந்தக் கனத்த குரல். முத்துராணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பெருமாள்ராஜுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அவன் உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. இத்தனை நாள் விட்டுப்போனது, பட்டினி கிடந்ததற்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்திருந்தது. நெஞ்சில் விசில் சத்தம் எழுந்தது. விரல்கள் சட்டைப்பைக்குப் போயின. கால்கள் எழுந்து வாசலுக்கு நடந்தன, செருப்பைக்கூட மாட்டிவிட்டன. வண்ணார்பேட்டைக்கு இப்போதும் பஸ் உண்டு.

"எங்கலே போறே?" என்றார் மந்திரமூர்த்தி.

டார்லின் வீட்டுக்கு என்று சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனியில் அது தயாராக இருந்தது. பெருமாள்ராஜ் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைப் பின்னால் நீட்டினான்.

"அப்பா, என் கையப் பிடிச்சுக்கிடுங்க. விட்டா போயிருவேன்."

ஒன்றும் புரியாமல் மந்திரமூர்த்தி எழுந்து வந்து பிடித்தார். இரும்பு கடைந்து காய்த்த கை. மகன் உடம்பு நடுங்குவது அவர் தோள்வரை ஏறியது.

"என்னலே ஆச்சு? என்ன வேணும் ஒனக்கு?"

"ஒரே ஒரு" என்று ஆரம்பித்தது பெருமாள்ராஜின் வாய். அவன் பல்லைக் கடித்தான். கடித்த பல்லுக்குள்ளிருந்தே அது கெஞ்சியது. "ஒரே ஒரு இழுப்பு. நாளைக்கு விட்டுருதேன்."

அந்தக் குரல் மந்திரமூர்த்திக்குத் தெரியும். தூங்கவிடாமல், தின்னவிடாமல், மிஷினில் வேலை செய்யவிடாமல், இத்தனை நாளும் அவருக்குள் இருந்து கெஞ்சிய குரல் அது. மகனின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"எனக்குள்ள கெடந்து அழுதது நீயாலே?" என்றார்.

பெருமாள்ராஜ் ஆமாம் என்று தலையசைத்தான். அவன் கையை இழுத்துப் பார்த்தான், அவர் விடவில்லை.