பால் பொங்கிய பக்கம்

கௌரி களனியில் மலிவாக வீடு வாங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சரோஜினிதேவிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. இருவரும் ஒரே வீட்டு அண்ணன் தம்பியைக் கட்டி, சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றாக வந்தவர்கள். மூத்தவள் வெள்ளவத்தையில் கடற்கரைத் தண்டவாளத்தோரம் வாடகை அறையில் கிடக்க, இளையவளுக்கு மாமரத்தோடு சொந்த வீடாம்!

குடிபுகும் நாளன்று சோதனைச் சாவடிகளிலெல்லாம் இறங்கி ஏறி அவளும் போனாள்.

"மூத்த சுமங்கலி நீங்கள்தான் அக்கா பால் காய்ச்ச வேணும்" என்றாள் கௌரி.

முற்றத்தில் அடுப்புக்குக் கல் வைக்கும்போதுதான் அந்தப் புத்தி வந்தது. பால் தெற்கே வழிந்தால் வீட்டுக்கு ஆகாது. ஆனால் தெற்கு எது? மழை மூட்டத்தில் சூரியனைக் காணோம். யாரையாவது கேட்டால் பிடிபட்டுவிடுவாள். அந்நேரம் பக்கத்தில் ரயில் கூவியது. வெள்ளவத்தையில் ரயில் ஓடுகிற பக்கம் கடல். கடல் என்றால் மேற்கு. அதை வைத்துத் தெற்கைப் பிடித்தாள். பானை அந்தப் பக்கம் சரியும்படி எதிர்க் கல்லுக்கு அடியில் ஓர் ஓட்டுத்துண்டைச் செருகினாள்.

பால் நுரைத்து, அவள் நினைத்த பக்கமே வழிந்தது.

"வடக்காலை பொங்கிட்டுது! இனிச் செல்வம்தான்!" என்று கௌரியின் புருஷன் துள்ளினான்.

இந்த வீட்டுக்கு ரயில் கிழக்கே ஓடித் தொலைகிறது என்று அவள் கண்டாளா?

கௌரி அவளைக் கட்டிக்கொண்டாள். "உங்கட கைராசி அக்கா! மேல்மாடி கட்டேக்கையும் நீங்கள்தான் வந்து காய்ச்ச வேணும்."