ஒரு பூ அதிகம்

சாலையைப் பார்த்த சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பின்பக்கம் காரை பெயர்ந்தபடியே கிடந்தது. காரில் வந்து இறங்குகிறவர் அங்கே எல்லாம் போகமாட்டார் என்று எங்கள் தலைமையாசிரியர் ஐவார்ஸுக்குத் தெரியும். காலையிலிருந்து மனிதர் மண்டி போட்டுப் பிள்ளைகளின் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்குக் குமட்டியது.

"இவ்வளவு குனியணுமா சார்?"

"பள்ளிக்கூடம் இருக்கணும்னா குனிஞ்சுதான் ஆகணும், வெல்தா. பாதிச் சம்பளமாவது வருதுல்ல? வாய மூடிட்டு வேலையப் பாரு."

ஐந்து வருடத்துக்கு முன் லாத்வியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது இதே முற்றத்தில் வாணம் விட்டோம். பிறகு வெளிநாட்டு வங்கிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் தந்தன. வாங்காதவனுக்கு முட்டாள் என்று பேர். எல்லாம் சரிந்தபின், கடன் கொடுத்து நாட்டைத் தூக்கிவிட வந்த வெளிநாட்டவர்கள் போட்ட நிபந்தனைகளில் சின்னப் பள்ளிகளை மூடுவதும் ஒன்று. என் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாவோ அம்மாவோ அயர்லாந்தில் காளான் பறிக்கிறார்கள். தாக்னியாவுக்கு இரண்டு பேருமே அங்கேதான். அவளுக்கு மிச்சமிருப்பது இந்தப் பள்ளிக்கூடம்தான்.

அவர்கள் சார்பில் அன்றைக்குக் காரில் வந்தவர் நல்ல மனிதர். அதுதான் இன்னும் எரிச்சல். கறுப்பு ரொட்டியை ருசித்துத் தின்றார், பாட்டுக்குக் கை தட்டினார். "உங்க பொறுமையத்தான் மத்த நாடுகளுக்கு உதாரணமாச் சொல்றோம்" என்றார். கூட வந்த எங்கள் ஊர்ப் பெண் மொழிபெயர்த்தாள். ஐவார்ஸ் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அப்புறம் வந்தவர் என் கையில் வெள்ளை ரோஜாக் கொத்தைக் கொடுத்துவிட்டு, அதே இனிப்பான குரலில், ஜனவரியிலிருந்து பிள்ளைகள் நகரத்துப் பள்ளிக்குப் போவார்கள் என்றார். பஸ் விடுவார்களாம்.

எல்லோர் கண்ணும் பூவை எண்ணியது. எங்கள் வழக்கத்தில் உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்போம். இரட்டைப்படை கல்லறைக்கு. மொழிபெயர்த்த பெண்ணும் எண்ணியிருப்பாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"டீச்சர், பத்து இருக்கு" என்றாள் தாக்னியா.

ஐவார்ஸ் என் காதருகே வந்தார். "ஒண்ண உருவிப் பைக்குள்ள போட்டுட்டு சிரி. அவருக்கு நம்ம வழக்கம் தெரியாது, பாவம்."

"தெரியாமக் குடுத்தாலும் சரியாத்தான் குடுத்திருக்கார் சார்."

வாசலுக்குப் போனேன். பள்ளியின் பெயர்ப்பலகைக்கு அடியில் பத்துப் பூவையும் வைத்தேன். காயாத சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. திரும்பினால், பிள்ளைகள் தாமாகவே வந்து வரிசையாக நின்றிருந்தார்கள். பையன்கள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். தாக்னியா கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஐவார்ஸும் வந்து வரிசையின் கடைசியில் தலை குனிந்து நின்றார். இந்த முறை அவர் குனிந்தது எனக்குக் குமட்டவில்லை.

வந்தவர் நெஞ்சில் கை வைத்து, "எவ்வளவு அழகு" என்றார். கேமராவை எடுத்தார். சுண்ணாம்பு அடித்த சுவர் நன்றாகத் தெரியும்படி, எங்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.