ஒன்பது விரல்

அந்த ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தவனுக்கு ‘ஒன்பது விரல்’ என்று பட்டப்பெயர். விரல்கள் பத்தும் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் யாருடைய நாடியைப் பார்த்தாலும் வலது கட்டைவிரலை மட்டும் திருட்டுப் பொருளை மறைப்பவன் மாதிரி உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வான். நர்சுகள் கேலி செய்தால் அவனும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பான்.

காரணத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கட்டைவிரலுக்கென்று தனியாக ஒரு துடிப்பு உண்டு. அதை இன்னொருவர் மணிக்கட்டில் வைத்தால் நம்முடைய நாடியே நமக்குத் தட்டும். இந்தப் படிப்பில் முதலில் சொல்லித்தருகிற பாடமே அதுதான். பாழாய்ப்போன அந்தப் பாடம், வேண்டிய நேரத்தில் அவன் நினைவுக்கு வரவில்லை.

பல வருஷங்களுக்கு முன்பு அவன் அக்காவின் கணவருக்குத் தொடை வழியாக இதயத்துக்குக் குழாய் விட்டிருந்தார்கள். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். துளையிட்ட இடத்தில் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் உள்ளுக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. அவசர ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகையில் லிஃப்ட் வரவில்லை. அத்தானின் ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் மணிக்கட்டைப் பிடித்தபடி இவன். அக்கா மகள் படியேறி மூச்சிரைக்க ஓடி வந்தாள். “துடிப்பு இருக்கு, கூப்பிடு, அவருக்குக் கேக்கும்” என்றான். அவள் “அப்பா” என்றாள். மேலே கொண்டுபோனதும் டாக்டர் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, உயிர் போய்ச் சற்று நேரமாகிவிட்டது என்று இவன் காதோடு சொன்னார். அப்போதுதான் குனிந்து பார்த்தான். அத்தானின் மணிக்கட்டில் அழுந்தியிருந்தது அவனுடைய கட்டைவிரல்.

லிஃப்ட் வாசலிலேயே மார்பை அழுத்தத் தொடங்கியிருந்தால்? அந்தக் கேள்வியின் பக்கம் அவன் போவதில்லை. அதுதான் அவனைத் தேடி வந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, சோப்புப் போடும்போது, சட்டென்று அந்த விரல் துடிக்கும். அதுவும் அவன் நெஞ்சோடு சேர்ந்து அல்ல, தனியாக, மெதுவாக, யாருக்கோ காத்து நிற்கிற மாதிரி. அக்காவோ வந்தவர் போனவரிடமெல்லாம், மகள் குரலைக் கேட்ட பிறகுதான் அவர் கண்ணை மூடினார் என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டாள். அதையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்வதா? அவள் காதுக்கு மட்டும் இது போகவே கூடாது என்று பயந்து பயந்தே அவன் பாதி ஆளாகிப்போனான்.

இப்போது அதே அக்காவுக்கு நெஞ்சு வலி. தொடை என்றால் நான் வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். இப்போது மணிக்கட்டு வழியாகத்தான் போகிறோம், மேலேயே இருக்கிற ரத்தக்குழாய், கசிந்தால் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று டாக்டர் சமாதானம் சொன்னார். ஆனால் குழாய் பாதி வழி போனதும் அக்காவின் ரத்தக்குழாய் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பயத்தில் இப்படி ஆவதுண்டு. இளகாவிட்டால் தொடைதான். டாக்டர் மருந்தைச் செலுத்திக் காத்திருந்தார். நல்ல வேளை, இளகியது. அடைப்பும் திறந்தது.

பிறகு மணிக்கட்டில் காற்றுப் பட்டையைக் கட்டினார்கள். ரத்தம் வெளியே வரக் கூடாது, கைக்குப் போவதும் நிற்கக் கூடாது. அந்த இறுக்கத்தைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அந்தக் கை விரலில் நாடி காட்டும் கிளிப்பை மாட்டிவிட்டுத் திரையில் ஓடும் அலையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“மெஷினையே பாக்குறியே. என் கையைத் தொட மாட்டியா?” என்றாள் அக்கா.

மூன்று விரல்களை வைத்தான். கட்டைவிரல் உள்ளே மடங்கியது.

“அன்னைக்கு அவரை அந்த விரலாலதானேடா புடிச்சிருந்தே.”

அவன் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினான்.

“இன்னொரு கை என்கிட்ட இருந்துச்சு. அதுல ஒண்ணுமே இல்ல” என்றாள் அக்கா, கூரையைப் பார்த்தபடி. “நீ இருக்குன்னே. படிச்சவன் சொல்றான், நமக்கென்ன தெரியும்னு வாயை மூடிக்கிட்டேன். நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தினமும் ராத்திரி வந்து, ஏன் கேக்கலேன்னு நிக்கிறார்.”

“அக்கா, அப்ப எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தது…”

“பொண்ணுக்காக. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே.”

அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் கதவைத் திறந்துகொண்டு அக்கா மகள் உள்ளே வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து அவளுக்குத் திக்கென்றது.

“மாமா, துடிப்பு இருக்குல்ல?”

அக்கா தன் மறு கையை நீட்டி, மடங்கியிருந்த அவன் கட்டைவிரலைப் பிரித்து, தன் மணிக்கட்டில் பட்டைக்குச் சற்றுக் கீழே வைத்து அழுத்தினாள். அது துடித்தது. யாருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“இருக்கு” என்றான்.

அவள் குனிந்து “அம்மா” என்று கூப்பிட்டாள்.