இறுக்கித் தைத்த இறக்கை

மாசானத்துக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. விமானத்தின் நான்கு இறக்கைகளுக்கும் துணி உறை தைத்து ஏற்றியாயிற்று. பட்டறைக்குள் அடங்காமல் அவை தாராவிச் சந்துக்குள் பாதி நீட்டிக்கொண்டு கிடந்தன. போகிறவர்கள் வைதுகொண்டே குனிந்து போனார்கள்.

விமானம் ஜெர்மனிக்காரனுடையது. முதல் உலகப் போரில் ஓட்டிய ஹால்பர்ஸ்டாட், இரட்டை இறக்கைச் சண்டை விமானம். ஒரு கண்காட்சிக்காக அதே அளவில் மாதிரி செய்கிறார்கள். மரச்சட்டம் தாணேயில் ஆனது. துணி போர்த்தும் வேலையை கண்காட்சி வேலைகளை ஏற்றுச் செய்கிற மாட்டுங்கா அனந்த் இங்கே கொண்டுவந்தான். பை ஆர்டர் நின்று, ஆட்கள் குர்லாவுக்குப் போய், மெஷின்களை விற்றுவிடலாமா என்று மாசானம் யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

“துணியைக் கொஞ்சம் லூசா விட்டுத் தையுங்கோ. மேல பூச்சு அடிப்போம், காயறப்போ தானா இறுகிடும்,” என்று அனந்த் சொல்லியிருந்தான்.

மாசானம் தலையை ஆட்டினான், செய்யவில்லை. பெட்டிக்கும் சோபாவுக்கும் உறை தைத்தவன் அவன். உறை தொளதொளவென்றிருந்தால் இந்தச் சந்தில் கேவலம். அரை இஞ்ச் குறைத்து வெட்டி, முட்டியால் அழுத்தி ஏற்றுவதுதான் பழக்கம். நான்கையும் அப்படித்தான் ஏற்றினான்.

புதன்கிழமையன்று முதலாவது இறக்கைக்குப் பூச்சு அடித்தார்கள். காயக் காயத் துணி சுருங்கியது. உள்ளே மெல்லிய குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம் கேட்டது.

அனந்த் கத்தவில்லை. “சட்டத்துக்குத் தச்சரை வரச் சொல்றேன். துணியும் வரும், நாலையும் பிரிச்சுத் திரும்பத் தைக்கணும். சனிக்கிழமை லாரி. அதுக்குள்ள ஆகலேன்னா உங்களுக்கு இனிமே நான் வேலை கொண்டுவர முடியாது.”

மாசானம் மாடிக்கு ஏறினான். அங்கே மாடிப் பட்டறைக்காரி ஹபீபாவின் மூன்று மெஷின்களிலும் குர்லா கடை ஒன்றுக்கு ரம்ஜான் புர்கா ஓடிக்கொண்டிருந்தது.

“எக்கா, ஒரு காரியம்.”

“மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. என்னத்தல ஒடைச்சே?”

“ஜெர்மனிக்காரன் ஏரோப்பிளேன.”

ஹபீபாவின் மகள் நுஸ்ரத் மெஷினை நிறுத்தினாள். “சண்டையில ஒடையாதத மாமா ஒடைச்சிருக்காரு.”

ஹபீபா இறங்கிவந்து பார்த்தாள். திரும்பப் போய் புர்காத் துணிகளை மடித்து ஓரமாக வைத்தாள். மறுநாள் காலை அனந்தும் தச்சரும் முறிந்த சட்டங்களை மாற்றிக்கொண்டிருக்கும்போதே, நுஸ்ரத்தையும் இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு வந்து கீழே உட்கார்ந்தாள்.

“எலும்பும் தோலுமா இருக்கே. இதுல ஏறியா சண்டை போட்டானுவ?”

“பாத்தா அப்படித்தான் இருக்கும்,” என்றான் அனந்த். “ஆனா செங்குத்தா கீழ பாய்ஞ்சாலும் இறக்கை பிய்யாதுன்னு ஓட்டறவாளுக்கு நம்பிக்கை. தொள்ளாயிரத்துப் பதினாறுல வந்தது. ஒரே ஒரு மெஷின் கன். கொஞ்ச மாசத்துல ரெண்டு கன் வச்சது வந்துடுத்து, இதை ஓரங்கட்டிட்டா.”

“துணி யாரு தச்சா?”

“ஃபேக்டரில பெரும்பாலும் பொம்மனாட்டிகள்தான்.”

“இதுல எத்தன பேரு செத்தானுவன்னு அவளுவளுக்குத் தெரியுமா?”

அனந்த் துணியை அவள் பக்கம் நகர்த்தினான். ஹபீபா மாசானத்தின் பக்கம் திரும்பினாள். “உன் கை பழையபடி இழுக்குது பாரு. லூசா விடுல.”

வெள்ளி மத்தியானம் தையல் முடிந்தது. பூச்சு காய்ந்தது. துணி இறுகியது, ஒன்றும் முறியவில்லை. சனிக்கிழமை லாரி கிளம்பும்போது, அடுத்த வேலையும் இங்கேதான் என்று அனந்த் சொல்லிவிட்டுப் போனான்.

“நீ வரலன்னா மெஷின வித்திருப்பேன்க்கா,” என்று மாசானம் கையெடுத்துக் கும்பிட்டான்.

“கும்பிடாத. சாயா சொல்லு.”

கூலியை அவள் வாங்கவில்லை. பட்டறைக்காரர்களுக்குள் கூலி கிடையாது, நாளுக்கு நாள்தான். அவள் கூப்பிடுகிற அன்று அவன் போய்த் தைக்க வேண்டும்.

அடுத்த வாரம் நுஸ்ரத் சொல்லித்தான் மாசானத்துக்குத் தெரிந்தது. புர்கா பிந்தியதால் குர்லா கடைக்காரர் பாக்கி ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்.

மாசானம் மாடிக்கு ஓடினான். “நாளைக்கே வாரேன்க்கா.”

“வந்து எதத் தைப்பே? ஆர்டர் வரட்டும், கூப்பிடுதேன்.”

இன்னும் கூப்பிடவில்லை. ஹபீபாவுக்கு மாசானம் தர வேண்டியது இரண்டு நாள் தையல், அதோடு அவனால் போன ஒரு ரம்ஜான் ஆர்டர்.