கண்ணிரண்டும் நீங்கலாக

என் மகள் நிலாணி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நான் வாயைத் திறக்கக் கூடாது.

கேட்கிற பிள்ளைக்குக் கேட்க இலகு. நான் வாயால் பிழைக்கிறவன். கனடாவில், ஸ்காபரோவில் கார் ஓட்டப் பழக்குகிறேன். காலையில் ஏறுகிற பெடியனுக்கு ஆங்கிலத்திலும் பின்னேரம் ஏறுகிற அவனுடைய தாய்க்குத் தமிழிலும், நாள் முழுக்கப் பேச்சுத்தான். என் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். அதை நானே சொல்லக் கூடாதுதான், ஆனால் வேறு யாரும் சொல்லுவதற்குக் காத்திருக்கவும் எனக்குப் பொறுமை இல்லை. கொண்டாட்டங்களில் யாராவது அரசாங்கக் கடிதத்தை நீட்டி, "பத்மநாதன் அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றால் மறுக்க மாட்டேன். கொஞ்சம் சத்தமாகவே வாசிப்பேன்.

என்னிடம் கார் ஓட்டப் பழகிய யூஜினி அன்ரி லைசென்ஸ் ரெஸ்ற் அன்று செய்ததை நடித்துக் காட்டுவதும் உண்டு. பரிசோதகர் கதவைத் திறந்து குட் மோர்னிங் சொல்ல, அன்ரி இரண்டு கையையும் தூக்கி, "நோ இங்கிலிஷ். வெயிற். டோட்டர் கம்" என்றாராம், மகள் வந்து பேசும்வரை பொறுக்கட்டுமாம். அந்தக் குரலில் நான் அதைச் சொன்னால் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நிலாணி மட்டும் சிரிப்பதில்லை. அது அவளுடைய வயதுக் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

அவள் இப்போது எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து போர்டிங் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்க வேண்டும் என்று ஒரு ஆசை. அவளுடைய விஞ்ஞான ரீச்சர் போட்ட விதை. நல்ல பிள்ளைகளுக்கு உதவிப் பணம் கிடைக்குமாம். என் மனைவி புனிதவதிக்குத் துளியும் பிடிக்கவில்லை.

"பெட்டையை ஏன் ஹொஸ்டலிலை விடுறியள் எண்டு சனம் கேக்கும். வீட்டிலை ஏதோ பிரச்சினை எண்டுதான் நினைக்கும்."

"சனம் என்னத்தைத்தான் நினைக்கேல்லை?" என்றேன்.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். மூன்று பள்ளிக்கூடங்களைப் போய்ப் பார்ப்பது, பிடித்தவற்றுக்கு மட்டும் விண்ணப்பிப்பது. ஒன்று நகரத்துக்குள்ளேயே, பெண்களுக்கு மட்டுமானது. ஒன்று வடக்கே காட்டுக்குள். மற்றது ஒஷாவா தாண்டி, ஏரிக்கரையில். அந்த ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படகில் போய்த் தண்ணீர் எடுத்துவந்து ஆராய்ச்சி செய்கிறார்களாம். அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நிலாணியின் குரல் ஒரு படி மேலே போகும்.

முதலில் நகரத்துப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனோம். அங்கே சாப்பாட்டு அறையில் என்ன அரிசி போடுகிறீர்கள் என்று ஒரு கேள்விதான் கேட்டேன். பிறகு குத்தரிசியின் மகிமையைச் சொல்ல வேண்டி வந்தது. பின்னால் நின்ற தாய் தகப்பன்மார் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கியதை நான் கவனிக்கவில்லை. நிலாணி கவனித்திருக்கிறாள். காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஏதோ கொஞ்சம் அடக்கிப் பேசினேன் என்று என் எண்ணம்.

ஏரிக்கரைக்குப் போன சனிக்கிழமை, கார் நாலு சுழி ஒன்று என்கிற பெருந்தெருவில் ஏறியதும் பின் சீற்றிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, ப்ளீஸ். ஹலோ, தாங்க் யூ. தற்ஸ் இற். மிச்சத்தை நான் கதைக்கிறன்."

"நான் என்ன ஊமையோ?"

"ஒரு நாளைக்கு மட்டும்."

கண்ணாடியில் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். கெஞ்சுகிற முகம். சரி என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அலிசன் என்ற பெண் எங்களைச் சுற்றிக் காட்டினார். சேர்க்கைக்குப் பொறுப்பானவர், மலர்ந்த முகம். படகுகளைக் காட்டினார், படுக்கை அறைகளைக் காட்டினார், நான் தலையை ஆட்டினேன். கேட்பதற்கு நெஞ்சுக்குள் கேள்விகள் முட்டிக்கொண்டு நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினேன். புனிதவதி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், சுகமில்லையோ என்று.

பிறகு அலிசனின் அறையில் நேர்முகம். நிலாணி பேசினாள். ஏரியைப் பற்றி, பாசியைப் பற்றி, தான் ஏன் அங்கே படிக்க வேண்டும் என்பதைப் பற்றி. என் பிள்ளை இப்படிப் பேசுவாள் என்று எனக்கே தெரியாது. அலிசன் எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி இந்தப் பெண்ணின் கையில்தான் என் பிள்ளை என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது போல இருந்தது.

எழுந்து விடைபெறும் நேரம். அப்படி ஒரு நேரத்தில் தகப்பன் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று எங்களிடம் உண்டு. என் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அதிபரிடம் அதைத்தான் சொன்னார். கண்ணிரண்டையும் எனக்கு விட்டுவிடுங்கள், மிச்சத்தை உரித்தெடுங்கள். அதிபர் சிரித்துக்கொண்டு என் தலையைத் தடவினார். அவர் என்னை ஒரு நாளும் தொட்டு அடித்ததில்லை. அது அடிக்கச் சொல்லுகிற பேச்சே அல்ல. இனி இவன் உங்கள் பிள்ளை, உங்களை நம்புகிறேன் என்று ஒப்படைக்கிற பேச்சு. ஆசிரியரை அதற்கு மேல் மதிக்க எங்களுக்குத் தெரியாது.

கையைக் கூப்பிக்கொண்டு அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் தவறவில்லை. இவளுடைய இரண்டு கண்களையும் மட்டும் எங்களுக்கு மிச்சம் வையுங்கள், மற்றத் தோலை நீங்கள் உரிக்கலாம்.

அலிசனின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அவர் நிலாணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மேசையில் கிடந்த ஃபோனைக் கையில் எடுத்தார். நிலாணியோடு தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும் என்று சொல்லி, அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"என்னப்பா சொன்னனீங்கள்?" என்றாள் புனிதவதி.

சொன்னேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு விசரே? இஞ்சை போய் ஆரும் உதைச் சொல்லுவினமே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாட்டில் பிள்ளையை அடிக்கிறார்கள் என்று ஒரு ரீச்சருக்குச் சந்தேகம் வந்தால் உடனே அறிவிக்க வேண்டும். அது சட்டம். என் காரில் ஏறுகிற தாய்மாருக்கு நானே அதை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. அதற்குள்ளால் நிலாணியின் முதுகு தெரிந்தது. அவள் கையை அசைத்து அசைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள்மேல் கை நீட்டியதே கிடையாது. ஆனாலும் குற்றவாளி போல எனக்கு வியர்த்தது.

கதவு திறந்தது. அலிசன் சிரித்தபடி வந்தார். ஆனால் அது வேறு சிரிப்பு. என் முன்னால் நின்று, ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவது போல, "நிலாணி, வெரி, குட், கேர்ள்" என்றார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்து, அப்பாவுக்குச் சொல்லுங்கள் என்றார்.

நிலாணி நிலத்தைப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கு இங்கிலிஷ் தெரியாதெண்டு தனக்கு முதல் விளங்கேல்லையாம். சொறி சொல்லச் சொல்லுறா."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. வாயைத் திறந்தால் ஒரே நிமிடத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிடலாம். திறந்தும்விட்டேன். நிலாணி தலையை நிமிர்த்தினாள். அந்தப் பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். தலையை ஆட்டினேன். அலிசன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், பாவம் என்பது போல.

திரும்பி வரும்போது, ஒஷாவா கழிந்ததும் பேச்சு எழுந்தது. நான்தான் தொடங்கினேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"என்னை மொக்கனாக்கிப் போட்டாய், என்ன?"

"அவ ஆருக்கோ கோல் பண்ணப் போனவ அப்பா. நான் வேறை என்ன செய்யிறது?"

"உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது எங்கட ஆக்களின்ரை மரியாதை எண்டு."

"எப்பிடிச் சொல்லுறது? 'இன் அவர் கல்ச்சர்' எண்டு தொடங்கினாலே முடிஞ்சுது. எங்கட ஆக்கள் எல்லாரும் பிள்ளையளின்ரை தோலை உரிக்கிற ஆக்கள் எண்டு நினைப்பா. அதான், அப்பாவுக்கு இங்கிலிஷ் சரியா வராது, கவனமாப் பாருங்கோ எண்டு சொல்ல வந்து மாறிச் சொல்லிப்போட்டார் எண்டு சொன்னனான்."

ஒரு சனத்தையே கொடுமைக்காரர் ஆக்குவதைவிட ஒரு தகப்பனை ஒன்றும் தெரியாதவன் ஆக்குவது மேல் என்று இந்தப் பிள்ளை ஒரு நொடிக்குள் கணக்குப் பார்த்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அவளை அந்தக் கணக்குப் பார்க்க வைத்தவன் நான்.

"அவ உடனை நம்பிட்டா அப்பா," என்றாள் நிலாணி. "ஒண்டுமே கேக்கேல்லை. உங்களைப் பார்த்திட்டு, ஓ, ஒஃப் கோர்ஸ் எண்டா." அதைச் சொல்லும்போதுதான் அவள் அழத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பள்ளிக்கூடப் பேச்சே எழவில்லை. விண்ணப்பம் அனுப்பும் காலம் முடிகிற வாரம், சமையலறை மேசையில் நிலாணி கணினியோடு இருந்தாள். புனிதவதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எத்தனை அனுப்பியாயிற்று என்று கேட்டேன். இரண்டு என்றாள். நகரம், காடு.

"ஏரிக்கரை?"

"அது வேண்டாம்."

"உனக்கு அதுதானே விருப்பம்."

"விருப்பம்தான்." அவள் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்கை போனா ரீச்சர்ஸ் மீற்றிங், பேரன்ற்ஸ் டே எல்லாம் இருக்கு. கிராஜுவேஷன் வரைக்கும் நீங்கள் பேசாம நிக்கோணும். எல்லாரும் உங்களோடை அப்பிடிச் சத்தமாக் கதைப்பினம். என்னாலை பாத்துக்கொண்டு நிக்கேலாது."

"நானே அவவுக்கு எடுத்து விளங்கப்படுத்துறன்."

"அப்ப நான் பொய் சொன்னது தெரிஞ்சிடும்."

"ஏன், அந்த ரெண்டும் நல்ல பள்ளிக்கூடம்தானே," என்றாள் புனிதவதி, இரண்டு பேருக்கும் நடுவில் நின்று. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

நான் கதிரையில் இருந்து யோசித்தேன். என்னைக் காப்பாற்ற ஒரு பொய். அந்தப் பொய்யிலிருந்து என்னைக் காப்பாற்ற அவள் ஏரியையே விடுகிறாள். நான் போட்ட முடிச்சை இரண்டு முறையும் பிள்ளைதான் அவிழ்க்கிறது. என்ன தகப்பன் நான் என்று என்மேலேயே வெறுப்பு வந்தது.

அந்த நேரம் மேசையில் கிடந்த என் ஃபோன் அடித்தது. பள்ளிக்கூடங்களைப் பார்க்கப் பதிந்தபோது கொடுத்தது என் இலக்கம்தான். ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தின் பெயர் தெரிந்தது. நிலாணியும் பார்த்தாள்.

"விண்ணப்பம் வரேல்லை எண்டு கேக்கப் போறா," என்றாள். "நீங்களே எடுங்கோ அப்பா. உங்கட பாட்டுக்குக் கதையுங்கோ. எனக்கு உண்மையாவே அது வேண்டாம்."

ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அலிசனின் குரல். ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக. ஹலோ, மிஸ்ரர் பத்மநாதன். கான், யூ, ஹியர், மீ.

என்னிடம் எல்லாச் சொல்லும் இருந்தன. குட் ஈவ்னிங் சொல்லி, அன்று நடந்ததற்கு வருந்துகிறேன் என்று தொடங்கி, முழுவதையும் அழகாகச் சொல்லி முடிக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். நிலாணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுங்கள் என்பது போலத் தலையை ஆட்டினாள்.

"நோ இங்கிலிஷ்," என்றேன். "வெயிற். டோட்டர் கம்."

யூஜினி அன்ரியின் குரல் பிசகாமல் வந்தது. எத்தனையோ தடவை பழகிய குரல் அல்லவா. சமையலறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்ரி அன்றைக்கு எப்படி இருந்திருப்பார் என்று முதல் தடவையாக நினைத்தேன்.

ஃபோனை நிலாணியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள். பிறகு வாங்கி, ஸ்பீக்கரை நிறுத்தாமலே, ஓம், அனுப்புகிறேன், இன்றைக்கே அனுப்புகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கன்னத்தால் கண்ணீர் வழிந்தாலும் குரலில் அது தெரியவில்லை. அலிசன் மகிழ்ச்சி என்றார். பிள்ளையை நாங்கள் கவனமாகப் பார்த்துக்கொள்வோம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள் என்றார்.

ஃபோனை வைத்துவிட்டு நிலாணி என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, என்னைக் கவனமாப் பாப்பினமாம். உங்களுக்குச் சொல்லச் சொன்னவ."

"அப்பிடியே?" என்றேன், அப்போதுதான் விளங்கியவன் போல.