சத்தம் போடாத கீபோர்டு

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் கொட்டேஷன். குழாய்கள் செய்யும் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவின் தலைவர். துடைப்பம் வாங்குவதென்றாலும் மூன்று கடைகளில் கொட்டேஷன் கேட்பார். மூன்றையும் கட்டம் போட்டு எழுதி மார்க் போடுவார். அதற்குப் பிறகும் நாலு நாள் தாடையைத் தடவிக்கொண்டிருப்பார். ஒருமுறை சுவர்க் கடிகாரம் வாங்க நாலு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த நாலு மாதமும் அலுவலகத்தில் ஒருத்தர்கூட நேரத்துக்கு வரவில்லை. கேட்டால், கடிகாரம் எங்கே என்றார்கள். வாங்கிய கடிகாரம் இன்றுவரை ஒரு நிமிடம்கூடப் பிசகியதில்லை என்பதை மட்டும் அவர் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் டாக்டர் ஆறு வாரக் கெடு வைத்தார்.

மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டி. பயப்படும்படியான கட்டி இல்லை, ஆனால் ஆறு வாரத்துக்குள் எடுத்தாக வேண்டும். குரலுக்குப் போகும் நரம்பை ஒட்டி உட்கார்ந்திருந்தது. "பேச்சு வந்துடும்மா. பாட்டு பழையபடி வருமான்னு என்னால வாக்கு கொடுக்க முடியாது" என்றார் டாக்டர்.

அவள் மேடை ஏறிய பாடகி அல்ல. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி குத்தும்போது மெல்ல எதையாவது பாடுவாள். வந்தவர்கள் கையைப் பார்க்க மறந்துவிடுவார்கள். மகள் பிறந்தபோது தானே வரி கட்டி, தானே மெட்டுப் போட்டு ஒரு தாலாட்டு உண்டாக்கியிருந்தாள். அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வேறு ஊரில் வேலை பார்க்கும் அந்த மகளுக்கு இப்போது ஏழாம் மாதம்.

"அம்மா, ஆபரேஷனுக்கு முன்னாடி அந்தப் பாட்டைப் பாடி அனுப்பிடு. எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கு" என்றாள் மகள்.

மனைவி போனைக் கையில் எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம். கொட்டேஷன் குறுக்கே வந்து விழுந்தார்.

"போன்லயா? நம்ம பேரப்பிள்ளை கேக்கப்போற பாட்டு. தெருவுல போற ஹாரன் சத்தமெல்லாம் சேர்ந்து விழும். எதையும் முறையா செய்யணும். நான் கீபோர்டு வாசிக்கிறேன், நீ பாடு."

"நீங்க வாசிச்சு முப்பது வருஷம் ஆச்சே."

"காலேஜ்ல வாசிச்ச கை. மறக்காது."

அவளும் விட்டுக்கொடுத்தாள். தன் பாட்டுக்குப் பின்னால் ஒரு வாத்தியம் கேட்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது. இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். இந்த மனிதருக்குப் பயம் வந்தால் அழமாட்டார், கட்டம் போடுவார்.

கீபோர்டை எட்டே நாளில் வாங்கிவிட்டார். அவர் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. மேசைமேல் வைத்து, துடைத்து, கம்பீரமாக உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினார். சத்தம் வரவில்லை. பத்து விரலாலும் அழுத்தினார். ஊஹூம்.

"தேடித் தேடி ஒரு வாயில்லாப் பூச்சியைப் பிடிச்சிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

மறுநாளே கடைக்கு ஓடினார். கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். "இது மிடி கீபோர்டு சார். தானா சத்தம் போடாது. எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தினீங்கன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அவ்வளவுதான். சத்தம் போடுறது சாப்ட்வேரோட வேலை."

"எந்த சாப்ட்வேர்?"

"நிறைய இருக்கு சார்."

இந்த மூன்று வார்த்தைகளை மட்டும் கடைக்காரர் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

அன்று மாலையே பதினோரு மென்பொருள்களின் பட்டியல் தயாராகிவிட்டது. பத்தொன்பது தகுதிகள், நூறு மார்க். கட்டையை அழுத்தியதும் சத்தம் உடனே வருகிறதா, கொஞ்சம் ஆற அமர வருகிறதா? குரலை வெட்டி ஒட்டினால் ஒட்டிய இடம் தெரிகிறதா? திரையின் நிறம் கண்ணை உறுத்துகிறதா? இதற்கும் நாலு மார்க் இருந்தது. போதாததற்கு இணையத்தில் போய்க் கருத்துக் கேட்டார். அங்கே ஆளாளுக்கு ஒரு மென்பொருளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் குப்பை என்றார்கள். அவர்களில் ஒருத்தராவது ஒரு முழுப் பாட்டை முடித்ததாகத் தெரியவில்லை. கொட்டேஷனுக்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

"எதையாவது ஒண்ணை எடுங்க சார். எதுல 'ச'வை அழுத்தினாலும் 'ச'தான் கேக்கப்போகுது" என்றார் அலுவலக ஸ்டோர் கீப்பர். கொள்முதல் தெரியாத மனிதர் என்று கொட்டேஷன் அவரை மன்னித்தார்.

தினம் மாலையில் மனைவி வேலை முடிந்து வந்ததும் மைக் முன்னால் உட்கார வைப்பார். "எங்கே, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லு."

"பாடிடட்டுமா?"

"இப்ப வேண்டாம். செலக்ஷன் முடியட்டும். பாட்டை வீணாக்காதே."

அவள் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போவாள்.

ஏழாவது மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் அதை எடுத்தார். பார்க்கப் பரம சாது. குரலைப் பதிந்தது, வெட்டியது, ஒட்டியது. ஆனால் கீபோர்டைச் சொருகினால் யாரோ அந்நியர் வந்ததுபோல் கண்டுகொள்ளவே இல்லை. வழி இருக்கிறதா என்று அடுத்த அறைக்குப் போய்ப் போனில் ஒரு மணி நேரம் படித்தார். வழி இல்லை. திரும்பி வந்து அதை மூடினார். சேமிக்கவா என்று கேட்டது. தள்ளுபடியான கொட்டேஷனையும் கோப்பில் வைக்க வேண்டும் என்பது கொள்முதல் விதி. சரி என்று அழுத்திவிட்டு, 'தகுதி இல்லை, 22 மார்க்' என்று எழுதினார். பக்கத்தில் மனைவி துணி மடித்து முடித்திருந்தாள்.

ஐந்தாம் வாரம் முடியும்போது நாலாவதும் ஒன்பதாவதும் களத்தில் நின்றன. இரண்டும் எண்பத்தாறு மார்க். கொட்டேஷன் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் டாக்டரிடமே கேட்டுவிட்டார்.

"ஆபரேஷனைப் பத்து நாள் தள்ளி வைக்கலாமா டாக்டர்?"

"ஏன், காய்ச்சல் ஏதாவது?"

"இல்ல. சாப்ட்வேர் முடிவாகல."

மனைவி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி என்று சீட்டில் எழுதினார்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு நாலாவது மென்பொருள் வென்றது. ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மனைவி பையைக் கட்டி வைத்துவிட்டு, வெந்நீர் குடித்துக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். மென்பொருள் திறந்தது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, இறக்கினால்தான் மேற்கொண்டு வேலை என்றது. இறக்கினார். ஐந்தரை மணிக்கு முப்பது சதவீதம். ஆறே காலுக்கு ஐம்பத்தெட்டு. வாசலில் டாக்சி வந்து நின்றது.

"சரி, வந்து பாத்துக்கலாம்" என்றார் கொட்டேஷன்.

டாக்சி பாதி தூரம் போன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. வந்து எதைப் பார்ப்பது? மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு வாரம் தடுத்துவிட்டு, இப்போது போனிலேயே பாடு என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவள் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபடி வந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் பேசவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பாட்டைப் பற்றிக் கேட்டபோது டாக்டர் ஆறு மாதம் போகட்டும் என்றார். வீட்டில் அவள் ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டினாள். மகள் போன் செய்து, "பாட்டு எடுத்தாச்சாப்பா?" என்று கேட்டாள். "அனுப்பறேன்மா" என்று பொய் சொல்லிவிட்டு வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கையில் இருந்ததெல்லாம் பதினோரு சோதனைப் பதிவுகள். ஆறு வாரம் ஓடி ஓடி அவர் சேர்த்து வைத்த மனைவியின் குரல் அவ்வளவுதான். முதல் பதிவில், "ஒண்ணு, ரெண்டு, மூணு." மூன்றாவதில், "ஒண்ணு ரெண்டு மூணு, போதுமா?" ஆறாவதில், "ஒண்ணு, ரெண்டு, இன்னிக்கு நாப்பது பேருக்கு ஊசி குத்தினேன், கை வலிக்குது, மூணு." அப்படிப்பட்ட நாளிலும் உட்கார வைத்திருக்கிறோமே என்று தன்னையே அறையத் தோன்றியது.

ஏழாவது பதிவு அறுபத்துமூன்று நிமிடம் என்று காட்டியது. அவருக்குப் புரியவில்லை. ஓடவிட்டார்.

ஒண்ணு, ரெண்டு, மூணு. பிறகு அவருடைய முணுமுணுப்பு, நாற்காலியைத் தள்ளும் சத்தம், காலடி. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. துணியை உதறும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் மெல்ல ஆரம்பித்தது பாட்டு.

*சின்னக் கால் ஓயட்டும், சேர்ந்து நான் ஓய்கிறேன்...*

முதலிலிருந்து கடைசிவரை ஒரு வரி விடாமல் பாடியிருந்தாள். நடுவில் தெருவில் ஒரு ஹாரன். யாரோ கதவைச் சாத்தினார்கள். அவள் எதற்கும் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு மைக்கின் பக்கம் குனிந்து பேசியிருந்தாள்.

"சிவப்பு விளக்கு எரிஞ்சிட்டேதான் இருக்கு. உங்கப்பா இப்போதைக்கு வரமாட்டார். பாட்டு இதுதான் கண்ணு. அவர் மார்க் போட்டு முடிச்சதும் அனுப்பி வைப்பார்."

கொட்டேஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். வாசற்படியில் அவள் சிலேட்டோடு நின்றிருந்தாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

எழுதினாள்: 'சொன்னா முறைப்படி மறுபடி எடுக்கணும்பீங்க.'

அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்: 'ஏழுக்கு எத்தனை மார்க்?'

"இருபத்திரண்டு."

அவள் சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். "அந்த ஹாரனை மட்டும் வெட்டி..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பாட்டை அப்படியே மகளுக்கு அனுப்பினார்.

பிறகு அதை இன்னொரு தடவை ஓடவிட்டார். கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. அதன் வயர் எதிலும் சொருகாமல் மேசைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கவனித்தார், ஆனால் சொருகவில்லை. அவள் குரலுக்கு ஏற்றபடி கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். கட்டை கீழே இறங்கும் சின்னச் சத்தம் மட்டும் கேட்டது.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் சிலேட்டை எடுத்து எழுதி, அவர் பக்கம் திருப்பினாள்.

'இப்பதான் நல்லா வாசிக்கிறீங்க.'